அகலமான கதவுள்ள ஓட்டல்

ஜெனோவா,
அக்டோபர் 9, 1988

அன்புள்ள தங்கை எல்வீராவுக்கு,

அண்ணன் எத்தோரே எழுதுவது. நான் நலம். பல்லைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மிகவும் நலம். ரோட்டர்டாமில் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்ததும் கோபம் வந்துவிட்டது. ஆகவே கோபம் முதலில், நலம் பிறகு.

நவம்பரில் நான்கு நாள் வருகிறாயாம். சந்தோஷம். தங்குவதற்கு நல்ல ஓட்டலாக ஒன்று நான் சொல்லவேண்டுமாம். பிறந்த ஊரில், கூடப்பிறந்தவன் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்க, அம்மாவின் அறையில் கட்டில் காலியாகக் கிடக்க, உனக்கு ஓட்டல்! அம்மா சாவுக்கு வந்தபோதுகூட அந்தக் கட்டிலில்தானே படுத்தாய்? சரி, இப்போது நீ டூரிஸ்ட். டூரிஸ்டுக்குச் சொல்வதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

துறைமுகத்தை ஒட்டித் தங்காதே. விடியவிடியக் கப்பல் சங்கு ஊதும். ஸ்டேஷன் பக்கம் வேண்டாம், அங்கே மூட்டைப்பூச்சிகள் வாடகை கொடுக்காமல் குடியிருக்கின்றன. கிழக்கே கடலோரத்தில் உள்ளவை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஒரு காபிக்குக் கேட்கும் காசில் நான் இரண்டு வேளை சாப்பிட்டுவிடுவேன். நடுவில் இருப்பவற்றைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

பஸ் டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே புகையிலைக் கடையில் வாங்கிவிடு. குடை கொண்டுவராதே, நவம்பர்க் காற்று அதை முதல் திருப்பத்திலேயே பிடுங்கிக்கொள்ளும், தலைக்குத் துணி கட்டிக்கொள். காலையில் ஃபொக்காச்சா ரொட்டியைப் பால் காபியில் முக்கித் தின்றால் ஓட்டல்காரன் முகம் சுளிப்பானா என்று முன்கூட்டியே கேட்டுவை. வீட்டில் என்றால் யாரையும் கேட்கவேண்டாம். அதற்கென்ன, உனக்கு வீடு பிடிக்கவில்லை.

இதெல்லாம் கிடக்கட்டும். என் மண்டையைக் குடைகிற சங்கதி வேறு. ஓட்டலில் லிஃப்ட் இருக்கவேண்டும் என்கிறாய். அறைக் கதவு அகலமாக இருக்கவேண்டும், குளியலறைக் கதவு அதைவிட அகலமாக இருக்கவேண்டும். டாக்ஸி வாசல்வரை வரவேண்டும். நான் மட்டும் ஸ்டேஷனுக்கு வரவே கூடாது. என்னடி இது? பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவருகிறாயோ என்று முதலில் நினைத்தேன். பெட்டியைக் குளியலறைக்குள் யார் கொண்டுபோவார்கள்? அப்படியானால் ஆள்தான். பாவம், உன் புருஷன் பீட் செத்துப்போய் ஐந்து வருடமாகிறது. நல்ல சதைப்பிடிப்பான டச்சுக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டுவிட்டாய், அண்ணனிடம் காட்ட வெட்கப்படுகிறாய், அதுதானே? நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் உண்மையைச் சொல், எவ்வளவு குண்டு? லிஃப்ட் தாங்குமா? பெயர் என்ன?

வியாழக்கிழமை

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கவேண்டும். ஆனால் நல்ல தாள், அதைக் கிழித்தெறிய நான் காசை வாரியிறைக்கிற மிலான்காரன் இல்லை. படித்துவிட்டு உன் அண்ணன் எப்பேர்ப்பட்ட மக்கு என்று சிரித்துக்கொள்.

நேற்றுக் காலை ரொட்டிக்கடையில், உன்னோடு படித்த கடைக்காரி ஓர்னெல்லாவிடம் உன்னைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். கூலி குறைந்தாலும் பரவாயில்லை, முணுமுணுக்க உரிமை வேண்டும் என்று கேட்டுக் கப்பலேறிய ஜெனோவா மாலுமிகளின் பரம்பரை நாம், சும்மா இருக்க முடியுமா? ஓட்டல், அகலக் கதவு, குண்டு மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொட்டி நறுக்கிய கத்தியைக் கீழே வைத்தாள். நாலு பேர் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏன்டா எத்தோரே, கதவு எதுக்குடா அகலமா வேணும்? எங்க மாமியாரோட சக்கர நாற்காலி நுழையலன்னு நீதானே வந்து நெலையப் பேத்த? அதுக்குள்ள மறந்துபோச்சா? அவ எந்தக் குண்டனையும் கூட்டிட்டு வரல. அவளால நடக்க முடியல. ஒங்க சந்துல இருக்கிற படியெல்லாம் அவளுக்குத் தெரியாதா? ஒன் முதுகுல ஏற வேணாம்னுதான் ஓட்டல் கேக்குறா. இவருக்கு ரோஷம் வந்துருச்சாம், ரோஷம்! ஒன் மண்டைக்குள்ள மாவுதான்டா இருக்கு."

கையில் இருந்த ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டேன், எல்வீரா. வெளியே வந்து சுவரோரம் நின்று அழுதேன். எப்போதிலிருந்து இப்படி? விழுந்தாயா, நோயா? உன்னை யார் குளிப்பாட்டுகிறார்கள்? அவள் நல்லவளா, வெந்நீர் பதம் தெரிந்தவளா?

பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தேன். உனக்கே தெரியும், மலையில் ஒட்டிக்கொண்டிருக்கிற வீடு நம்முடையது. முன்வாசலுக்குக் கீழ்ச் சந்திலிருந்து படியேறி மூச்சு வாங்கவேண்டும். ஆனால் பின்பக்கம் நம் சமையலறையும் பின்வீட்டு ஆர்மிதாவின் தோட்டமும் ஒரே மட்டம். அவள் தோட்டத்தைத் தாண்டினால் மேல்ரோடு, டாக்ஸி நிற்கும். நடுவில் அந்த இரும்புக் கதவு ஒன்றுதான். அதை அவள் பூட்டிப் பதினோரு வருடமாகிறது. அவள் பூனை என் துளசித் தொட்டிகளில் மூத்திரம் பெய்ததற்கு நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதமுடியாது. அன்றிலிருந்து பேச்சில்லை.

நேற்று மாலை சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, சுற்றிப்போய் மேல்ரோட்டில் அவள் வாசலில் நின்றேன். கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள். "அடேயப்பா, எத்தோரேவா! வாய் செத்துப்போச்சுன்னுல்ல நெனச்சேன்" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். சும்மா கேட்டால் மரியாதையில்லை என்று பூனையையும் நலம் விசாரித்தேன். "அது செத்து நாலு வருஷமாச்சு" என்றாள். அப்படியானால் இந்த நாலு வருடமாக என் தொட்டிகளை நாசம் செய்தது யார், யாரை நான் ஜன்னலில் நின்று திட்டிக்கொண்டிருந்தேன்? எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் சிரித்துவிட்டாள். "நானும் தினம் கேட்டுட்டுத்தான் இருந்தேன். பாவம், அது இன்னும் உயிரோட இருக்கிற மாதிரி ஒரு ஆறுதல்" என்றாள்.

பூட்டு துருவேறி இறுகிக்கிடந்தது. நல்ல எண்ணெயைப் பூட்டுக்கா ஊற்றுவது என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. மீன் பொரித்த எண்ணெயை எடுத்துவந்தாள். திறந்துகொண்டது. இப்போது கதவுக்கே மீன் வாசனை.

இன்று காலை நம் குளியலறை நிலையைப் பேர்த்து எடுத்துவிட்டேன். கப்பல் தச்சனாக இருந்த கை மறக்கவில்லை. இப்போதைக்கு அங்கே திரைதான் தொங்குகிறது. நீ வருவதற்குள் கதவு போட்டுவிடுவேன்.

ஆகவே திருத்திய வழி இது. பிரின்சிபே ஸ்டேஷனில் இறங்கு, எங்கும் நகராதே, நான் வருவேன். வரக்கூடாது என்று நீ எழுதியதை நான் படிக்கவில்லை. ஒருவேளை எனக்குத் தாமதமானால் டாக்ஸிக்காரனிடம் மேல்ரோட்டில் ஆர்மிதா வீடு, கறுப்பு எண் ஒன்பது என்று சொல். நம் ஊரில் கறுப்பு எண் வீட்டுக்கு, சிவப்பு எண் கடைக்கு, மறந்திருப்பாய். சிவப்பு ஒன்பதில் சவப்பெட்டி செய்கிறார்கள், அவசரப்பட்டு அங்கே இறங்கிவிடாதே.

இன்னும் கேட்க எனக்கு ஆயிரம் இருக்கிறது. ஒன்றையும் இப்போது கேட்கவில்லை. நீ நடந்து, ஓடி, மரமேறி நான் பார்த்தாயிற்று, அது எனக்குப் போதும். உன்னில் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அவ்வளவையும் எடுத்துக்கொண்டு வந்துவிடு. இங்கேயும் மிச்சம்தான் காத்திருக்கிறது.

உன் அண்ணன்,
எத்தோரே