கொட்டிவாக்கம் கரையில் ஆமைக்குஞ்சுகள்

12.3.96, செவ்வாய்

இவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதமாகிறது. என் கையைப் பிடிக்காமல் பத்தடி நடந்ததில்லை. டாக்டர் சொன்னாரே என்று தினமும் விடியற்காலையில் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போகிறேன். வேண்டாவெறுப்பாக வருவார். பேச்சு வரும், ஆனால் பேச மாட்டார்.

இன்று இருட்டு பிரிவதற்குள் போய்விட்டோம். மணலில் ஏதோ ஊர்ந்தது. நண்டு என்று நினைத்துக் குனிந்தால் ஆமைக்குஞ்சு, உள்ளங்கையில் பாதிகூட இல்லை. சுற்றிலும் இருபது முப்பது இருக்கும். எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்துப் போயின.

வலையை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கத்தினார். "ரோட்டு லைட்ட கடல்னு நெனச்சிக்கினு போவுதும்மா. வெயிலு வந்தா செத்துடும். தூக்கித் தண்ணியாண்ட வுடும்மா!"

முந்தானையில் அள்ளினேன். திரும்பினால் இவர் பக்கத்தில் இல்லை. கொஞ்சம் தள்ளி மண்டியிட்டு, சரியாக வராத இடது கையையும் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றாகத் துண்டில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிறகு தானே எழுந்து அலைவரைக்கும் நடந்தார். விழுந்துவிடுவாரோ என்று இரண்டடி பின்னால் போனேன். ஆனாலும் கூப்பிடவில்லை.

கடைசிக் குஞ்சை அலை இழுத்துக்கொண்டதும், "போயிடுச்சு" என்றார். சிரித்தார்.

வியாழக்கிழமை டாக்டர் என்ன சொல்வாரோ. இவர் ஆபீஸில் இன்னும் எத்தனை நாள் லீவு தருவார்களோ... அது இப்போது வேண்டாம். படுக்கும்போது அவராகவே சொன்னார். "நாளைக்கு இன்னும் சீக்கிரம் எழுப்பு. வழி தெரியாம இன்னும் சிலது இருக்கும்."

அலாரத்தை நாலரைக்கு வைத்துவிட்டேன். கண் சொக்குகிறது.