ஏலத்தில் போன குன்று

இன்று காலை நம் தெருவில் தண்டோரா போட்டார்கள். குன்றின் ஆவாரம்பட்டை இந்த வருஷத்துக்கு ஏலம் விடப்படுகிறதாம். ஏலம் எடுத்தவரைத் தவிர வேறு யார் குச்சியைத் தொட்டாலும் திருட்டுக் குற்றமாம். வருஷா வருஷம் கேட்டுக் காது புளித்த வாசகம்தான். முன்பெல்லாம் தண்டோராக்காரன் “துரைத்தனத்தார் உத்தரவு” என்று முடிப்பான். இன்று “நம்ம சர்க்கார் உத்தரவு” என்று முடித்தான். முடித்துவிட்டு, தெரிந்தவள் என்பதால் என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே வந்து உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. உயிரோடு இருந்தபோதும் உனக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் ‘நம்ம சர்க்கார்’ என்ற அந்தச் சொல்லை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

அந்தக் குன்று யாருடையது என்று நாம் சிறுமிகளாக இருந்தபோது யாரும் கேட்டதில்லை. நாட்றம்பள்ளிக்குப் போகிற வழியில் வெயிலில் காய்ந்து கிடக்கும் கல்லும் முள்ளும்தான் அது. நெல்லுக்கும் ஆகாது, கேழ்வரகுக்கும் ஆகாது. ஆனால் ஆவாரஞ்செடி அங்கே கேட்பாரில்லாமல் மண்டும். நாம் கிளைகளைக் கழித்து, கல்லில் வைத்துத் தட்டி, பட்டையை உரித்துக் காயவைத்துக் கட்டுவோம். வண்டிக்காரன் அதை தோல் பதனிடும் வாணியம்பாடி டேனரிகளுக்குக் கொண்டுபோவான். தோல் ஊறும் தொட்டிகளுக்கு நம் பட்டை இல்லாமல் ஒரு நாளும் ஆகாது. விரல்களில் ஏறிய கறை பொங்கலுக்குக்கூடப் போகாது. எங்கள் மிஷன் கோயில் பாதிரி ஐயர் அந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்தபடி அப்பம் கொடுப்பார்.

இந்த வருஷம் கிழக்குச் சரிவு, அடுத்த வருஷம் மேற்குச் சரிவு என்று கிணற்றடியில் பெண்கள் கூடிப் பேசி முடிவு செய்வோம். உரித்த சரிவு ஒரு வருஷம் படுத்திருந்து மறுபடி துளிர்க்கும். அந்த ஏற்பாட்டைக் காக்க எந்தக் காவல்காரனும் இருந்ததில்லை. ஒரு முறை ஒருத்தி படுத்திருந்த சரிவில் கைவைத்துவிட்டாள். நீ அவளை அடிக்கவும் இல்லை, ஊரைவிட்டுத் தள்ளவும் இல்லை. அன்று குன்றில் வேலை செய்த எல்லோருக்கும் அவளே கூழ் காய்ச்சி ஊற்ற வேண்டும் என்றாய். அவள் முணுமுணுத்துக்கொண்டே காய்ச்சினாள். உப்பு அதிகம் என்று நீ வேறு குறை சொன்னாய். கடைசியில் அவளும் சேர்ந்து சிரித்தாள். வழக்கு அத்தோடு தீர்ந்தது.

பிறகு காட்டிலாகாக்காரர்கள் வந்தார்கள். குன்றைச் சுற்றிக் கல் நட்டார்கள். வெள்ளைக்கார ரேஞ்சர் ஒருவர் குதிரையில் உட்கார்ந்தபடியே பேசினார்.

“நீங்க காட்டை அழிக்கிறீங்க. இனிமே சர்க்கார் காப்பாத்தும்.”

சர்க்கார் காப்பாற்றிய அழகை அந்த வருஷமே பார்த்தோம். குன்றை ஏலம் விட்டது. திருப்பத்தூரிலிருந்து ஒரு குத்தகைக்காரர் எடுத்தார். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இரண்டு சரிவுகளையும் ஒரே மூச்சில் மொட்டையடித்தார். பாதியை வேரோடு பிடுங்கினார்கள். ஒரு வருஷத்துக்கு மட்டும் உரிமை உள்ளவனுக்கு அடுத்த வருஷத்துத் துளிர் எதற்கு? காவலுக்கு வைத்த காட்டிலாகா கார்டு அதையெல்லாம் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நாம் சுள்ளி பொறுக்கப் போனபோதுதான் அவனுக்கு வீரம் வந்தது.

மிஞ்சிய வேர்கள் மறு வருஷம் துளிர்த்ததும், உள்ளூர்ப் பெண்களே உரித்துக் கொடுக்கட்டும் என்று குத்தகைக்காரர் சொல்லியனுப்பினார். அவர் சொன்ன கூலிதான் கூலி. நேராக டேனரிக்குக் கொண்டுபோனால் திருட்டு. தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த தெம்பில், கலெக்டருக்கு மனு எழுதலாம் என்று கிளம்பினேன். நீ என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிவிட்டாய்.

“இன்னா ரைட்டரம்மா, இன்னா எழுதப் போற?”

“குன்றை எங்களுக்கு விட்டுக் குடுங்கன்னு.”

“அப்போ அது சர்க்காருதுன்னு நீயே எழுதிக் குடுத்துடுவ. அவன் ஒரு குச்சி உரிச்சிருக்கானா? ஒரு கட்டு தூக்கியிருக்கானா? நட்டது கல்லு ஒண்ணுதான். அதுக்கு நீ வேற கையெழுத்து போடறியா?”

எனக்குக் கோபம் வந்தது. எழுத்து தெரியாதவளுக்கு மனுவின் அருமை என்ன தெரியும் என்று நினைத்தேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீயோ அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள், “வா, வாணியம்பாடிக்குப் போய் டேனரி பாயைப் பாக்கலாம்” என்று கூப்பிட்டாய். நானும் புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

டேனரி பாய் நல்ல மனிதர்தான். நம் பட்டையை ஒடித்துப் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். குத்தகைக்காரர் கொடுப்பதைவிட ஜாஸ்தி விலை தருகிறேன் என்றும் சொன்னார்.

“சரக்கு ஒஸ்தி அம்மா. ஆனா காட்டிலாகா பாஸ் இல்லாம வாங்கினா எனக்குப் பேஜாரு. லைசென்ஸ்ல கை வச்சிருவாங்க.”

திரும்பி வரும்போது நீ ரயில் பாதை ஓரமாக வேகமாக நடந்தாய். உன் பின்னால் ஓடிவர வேண்டியிருந்தது.

“பாரு,” என்றாய். “உரிக்கிறவ நான். வாங்குறவரு பாய். நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டா எனக்கும் நஷ்டம் இல்ல, அவருக்கும் நஷ்டம் இல்ல. நடுவுல இந்த ஏலக் காகிதக்காரன் எப்படி வந்தான்? தானா வந்தானா? சர்க்கார் கையைப் புடிச்சிக் கூட்டியாந்து நிறுத்துச்சி. அவன் தின்றதுல பாதி சர்க்காருக்கு.”

அதன் பிறகு எத்தனையோ மேடைப் பேச்சுகளைக் கேட்டுவிட்டேன். முதலாளி ஒழிக என்பான் ஒருவன், சுயராஜ்யம் என்பான் இன்னொருவன். நீ அன்று ரயில் பாதை ஓரம் சொன்னதை ஒருவனும் சொல்லவில்லை. சர்க்காரின் தடி இல்லாவிட்டால் அந்தக் குத்தகைக்காரர் ஒரு நாள்கூடப் பிழைத்திருக்க மாட்டார் என்பதை ஒருவனும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தப் பருவத்தில் நம் தெருப் பெண்கள் யாரும் அவருக்கு உரிக்கப் போகவில்லை. வெளியாட்கள் வந்தபோது குன்றடியில் போய் உட்கார்ந்தோம். வந்தவர்களும் நம்மைப் போல வயிற்றுக்கு இல்லாதவர்கள்தான். நீ அவர்களைத் திட்டவில்லை, தண்ணீர் கொடுத்துப் பேசினாய். பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு நீ அரிவாளை எடுத்துக்கொண்டு, கார்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பட்டப்பகலில், நம் முறைப்படி அந்த வருஷம் உரிக்க வேண்டிய சரிவாகப் பார்த்து உரிக்க ஆரம்பித்தாய். நாங்களும் உரித்தோம். போலீஸ் வந்தது. எங்களையெல்லாம் விரட்டிவிட்டு உன்னை மட்டும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கோர்ட்டில் மாஜிஸ்டிரேட் அபராதம் போட்டார், கட்டாவிட்டால் ஜெயில் என்றார். தெருவில் எல்லோரும் சேர்ந்து கட்டிவிடுகிறோம் என்று நான் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற உன்னிடம் கெஞ்சினேன். டேனரி சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிற என் வீட்டுக்காரரும் சொன்னார். நீ அவரைப் பார்த்து, “அண்ணே, கட்டினா நான் திருடுனதா ஆயிடும். உட்டுடுங்க” என்றாய். கோலார் தங்கவயலுக்குப் போன உன் புருஷன் திரும்பவே இல்லை. வீட்டில் கண் தெரியாத மாமியார் ஒருத்தி. “அவளுக்கு ஒரு வாய் ஊத்துடி” என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலூருக்குப் போனாய்.

ஜெயிலில் உனக்கு நேர்ந்ததை நீ முழுதாகச் சொன்னதில்லை. ஒன்றை மட்டும் சொன்னாய். அதே சமயத்தில் கள்ளுக்கடை மறியலில் பிடிபட்ட பெரிய வீட்டுப் பெண்களும் அங்கே இருந்தார்கள். அவர்களுக்குத் தனி இடம், பால், படிக்கப் பத்திரிகை. ஒருத்தி உன்னிடம் என்ன குற்றம் என்று கேட்டாள். பட்டை உரித்தேன் என்றாய். “ஐயோ பாவம், திருடிட்டியா” என்றாளாம். அதைச் சொல்லும்போது நீ சிரித்தாய். நான் அழுதேன். அவர்களும் சட்டத்தை மீறித்தான் உள்ளே வந்திருந்தார்கள். அவர்கள் தேசபக்தைகள், நீ திருடி.

நீ வெளியே வந்த வாரத்தில் கட்சிக்காரர் ஒருவர் மாலையோடு வந்தார். ஆம்பூர் வக்கீல். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் ஆட்சி வந்தால் குன்று உங்களுக்குத்தான் என்றார். நீ மாலையை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டாய்.

“நீங்க வந்தா கார்டை வூட்டுக்கு அனுப்பிடுவீங்களா?”

“அது எப்படிம்மா? காட்டுக்குக் காவல் வேணாமா?”

“ஏலம்?”

“வருமானம் இல்லாம ராஜ்யம் எப்படி நடத்துறது? ஆனா நியாயமா நடக்கும்.”

“அப்போ இன்னாங்க மாறுது? என்னைப் புடிச்சிக்கினு போறவன் தமிழ்ல திட்டுவான். அவ்ளோதானே? இப்பவும் தமிழ்லதான் திட்டுறான்.”

வக்கீல் மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். நான் உன்னைக் கடிந்துகொண்டேன். உதவிக்கு வந்தவரை இப்படிப் பேசலாமா என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிட்டாய். ஜெயிலிலிருந்து நீ கொண்டுவந்த வயிற்றுக்கடுப்பு அது. கஷாயத்துக்கும் அடங்கவில்லை, மிஷன் ஆஸ்பத்திரி மருந்துக்கும் அடங்கவில்லை. ஐப்பசி மழையில் உன்னை இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உன் மாமியார் அதற்கப்புறம் சாகும்வரை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஊர்க் கணக்கில் நீ நோயில் செத்தாய். என் கணக்கில் உன்னைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளமும் உண்டு, பென்ஷனும் உண்டு.

பிறகு தேர்தல் வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்ததால் தெருப் பெண்களில் எனக்கு மட்டும் ஓட்டு இருந்தது. வக்கீல் தேடி வந்தார், வண்டி அனுப்பினார். நான் அவருக்கே போட்டேன். வேறு யாருக்குப் போடுவது? எதிரே நின்றவர் அந்தக் குத்தகைக்காரரின் சம்பந்தி. வக்கீல் ஜெயித்து சட்டசபைக்குப் போனார். வெள்ளைக்காரனுக்குக் கீழேயே அவருடைய ஆட்கள் மந்திரிகள் ஆனார்கள். ஊரெல்லாம் கொடி பறந்தது. முதல் பருவத்திலேயே குன்று ஏலம் போனது. எடுத்தவர் யார் தெரியுமா? அதே திருப்பத்தூர்க்காரர். தலையில் மட்டும் வெள்ளைக் கதர்க் குல்லாய் ஏறியிருந்தது. பெண்களில் சிலர் போய் முறையிட்டார்கள். “இப்போ இருக்கிறது நம்ம சர்க்கார். அதை எதிர்த்தா வெள்ளைக்காரனுக்குத்தான் லாபம்” என்று வக்கீல் சொல்லியனுப்பினார். வெள்ளைக்காரன் நேராக ஆண்ட காலத்தில் நாம் கலகக்காரிகள் மட்டும்தான். இவர்கள் காலத்தில் தேசத்துரோகிகளும் ஆகிவிட்டோம்.

போன மாசம் மைதானத்தில் ஒரு கூட்டம். வக்கீல் மேடையில் நின்று ஒரு சலுகையை அறிவித்தார். ஏழைப் பெண்கள் வாரம் ஒரு நாள், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, ஒரு தலைச்சுமை காய்ந்த சுள்ளி இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். கைதட்டினார்கள். நம் தெருப் பெண்களும் தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடுப்பு எரிய வேண்டுமே. படித்தவள் என்பதால் நன்றி சொல்ல என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன்.

“ஐயா, சுள்ளிக்கு நன்றி சொல்லச் சொல்றீங்க,” என்றேன். “குன்று எங்களுது. பட்டையும் எங்களுது. கல்லைப் புடுங்கிட்டு, கார்டைக் கூட்டிக்கினு நீங்க போயிட்டா, அன்னைக்கி வழியனுப்ப வர்றேன்.”

வக்கீல் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சப் இன்ஸ்பெக்டர் பக்கத்திலிருந்தவரிடம் என் பெயரைக் கேட்டார். இறங்கி வந்தபோது பெண்கள் சிலர் விலகிக்கொண்டார்கள். சிலர் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அன்று உப்பு அதிகமாகப் போட்டுக் கூழ் காய்ச்சினாளே, அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் என்னைத் தனியே கூப்பிட்டு, மனசில் பகையை வைத்துக்கொண்டு ஜெபம் செய்யக் கூடாது, எல்லோரையும் மன்னித்துவிடு என்றார். யோசித்துப் பார்த்தேன். அந்த வெள்ளைக்கார ரேஞ்சரைக்கூட மன்னிக்கலாம், அவன் என்றைக்கும் தன்னை நம்மவன் என்று சொல்லிக்கொண்டதில்லை. இவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னுடைய தைரியம் எனக்கு வரவில்லை. உன் வாய்த்துடுக்கும் வரவில்லை, மேடையில் பேசியதை வீட்டுக்கு வந்து நினைத்து நினைத்து வியர்த்தேன். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் கோபம் ஒன்றுதான். ஐயரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கோபத்தை இறக்கி வைத்துவிட்டால், ஒரு கட்டுச் சுள்ளிக்காக நானும் ஒரு நாள் அவர்களைக் கும்பிட்டுக்கொண்டு நிற்பேன்.