வெள்ளிப் பருந்தின் கூட்டாளி

6 ஆகஸ்ட் 1957, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பும்போது காஜா பேராங் சாலை முச்சந்தியில் சினிமாச் சுவரொட்டி. வெள்ளிப் பருந்து! படக்கதைப் புத்தகத்தில் பறந்து, பிறகு படத்திலும் பறந்தானே, அவனேதான். ஒன்பது வயதில் அண்ணன் சேதுபதியோடு பார்த்தது. அப்போது எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அண்ணன் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தான். இன்று வீடுவரை கால் தரையில் பட்டதாக நினைவில்லை.

8 ஆகஸ்ட்

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெசராக இருக்கும் கலியாணசுந்தரத்தின் வீட்டிலிருந்து மறுபடியும் என்னைப் பெண் கேட்டு ஆள் விட்டிருக்கிறார்கள். அம்மாவும் மறுபடி அதே பதில்தான்: பெரியவன் வரட்டும். ஜப்பான்காரன் அண்ணனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப்போய்ப் பதினாலு வருஷம், ஒரு தகவலும் இல்லை. அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

10 ஆகஸ்ட், சனி

என்னோடு வேலை பார்க்கும் அஞ்சலையோடு படத்துக்குப் போனேன். பருந்தைத் தூக்கும் கம்பி தெரிகிறது. அஞ்சலை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்குமேல் வெளிச்சம் புகையாய் ஓட, நானும் அதில் மிதந்துகொண்டிருந்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. பருந்தின் கூட்டாளி பாபி நெருப்பில் விழுகிறான். அன்றைக்கு அண்ணன் சொன்னது, "அழாத தங்கச்சி, அவன் நெலாவுக்குப் போயிருக்கான், வந்துருவான்."

இன்று என் காதில் விழுந்தது வேறு. பாபி செத்துவிட்டான். புதைக்கிறார்கள்.

அண்ணே, உனக்கு அப்பவே தெரியும்தானே?

11 ஆகஸ்ட்

நான் காத்திருப்பது அண்ணனுக்காகவா? அம்மாவுக்காகவா?

17 ஆகஸ்ட், சனி

சேது பார்த்த படமா என்று கேட்டு அம்மாவே கிளம்பிவிட்டாள். நெருப்பு வந்ததும் என் பக்கம் சாய்ந்தாள்.

"அந்தப் பையன் என்னாடி ஆனான்?"

நிலா நாக்கு நுனிவரை வந்தது.

"செத்துட்டான்மா."

அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தாள். "எனக்குத் தெரியும்டி. எப்பவோ தெரியும். நீ எதிர்பாத்துக்கிட்டு இருக்கியேன்னுதான் நான் சொல்லல."

நான் அவளுக்காக. அவள் எனக்காக — இத்தனை வருஷமும்.

வெளியே, இந்த மாதக் கடைசியில் வரும் நாட்டின் முதல் சுதந்திர நாளுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடந்தே வந்தோம். ஏதோ ஒரு கனவுக்குள் இருவரும் சேர்ந்து நடப்பதுபோல் இருந்தது.

2 செப்டம்பர், திங்கள்

கலியாணசுந்தரத்தின் தாயார் வந்திருந்தார். மணவறையில் அண்ணன் முறைக்கு யார் நிற்பது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மா காப்பியை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"சேது இருந்திருந்தா அவன் நின்னுருப்பான். இப்ப நான் நிக்கிறேன். தை மாசம் வச்சுக்குவோம்."