தேனிக்குப் போன மோட்டார் சைக்கிளும் என் இடுப்பும்

மாமா,

இன்று காலை பரவையிலிருந்து புறப்படும்போது உங்கள் பழைய வேட்டியை இடுப்பில் இறுக்கிச் சுற்றிக்கொண்டேன். சட்டைக்கு உள்ளேதான், யார் கண்ணிலும் படாதபடி. நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் வீட்டில் கொடுத்தனுப்பியது. நீலகிரித் தைலமும் பெட்ரோலும் கலந்த அந்த வாசனை இன்னும் போகவில்லை. வெளுக்கப் போட மனசும் வரவில்லை.

உலக யுத்தத்துக்கு முந்தி, ஐம்பது தாண்டிய வயதில் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் வாங்கியவர்கள், மதம் வேறானாலும் மாமா மாப்ள என்று முறை வைத்துப் பழகிய நாம். உங்கள் ஜவுளிக்கடை ஆட்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் சட்டை செய்யவில்லை. சீட்டின் மேல் இலவம்பஞ்சுத் தலையணை, வயிற்றைச் சுற்றி வேட்டிக் கட்டு. புளியமர நிழலைக் கண்டால் போதும், நிறுத்திக் காலை உதறுவீர்கள். "வலிக்க முந்தியே இறங்கிறணும் மாப்ள. வலிச்ச பெறகு எம்புட்டு நேரம் உக்காந்தாலும் தேறாது" என்பீர்கள். எனக்கு அதெல்லாம் கிழவர் வேலையாகத் தெரிந்தது.

என் மகளையும் மருமகனையும் தலைதீபாவளிக்கு அழைக்க இருவரும் தேனிக்குப் போனோமே, அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம்! சம்பந்தி வீட்டு வாசலில் தலையணையோடு போய் நிற்பதா என்று நீங்கள் எனக்குக் கட்டிவிட்ட தலையணையையும் வேட்டியையும் அவிழ்த்து எறிந்தேன். உசிலம்பட்டியில் நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தவில்லை. தேனியில் சம்பந்தி, பெண்டுகள், என் மகள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, முட்டி நிமிரவில்லை. இறங்க முடியாமல், மகள் முகத்தைப் பார்க்கக் கூசி, எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யா அல்லா, எனக்கு இடுப்பு புடிச்சிருச்சே! ஓடியாங்க!" என்று நீங்கள் கத்தினீர்கள். எல்லோரும் உங்களைத் தூக்க ஓட, அந்தச் சந்தடியில் நான் ஒருவழியாக வண்டியிலிருந்து சரிந்து இறங்கிவிட்டேன். அதோடு விட்டேனா? "தலையணை வச்சும் மாமாவுக்கு ஆகலையே!" என்று எல்லோருக்கும் முன்னால் சிரித்தேன். அதன்பின் எந்த விசேஷத்திலும் அந்தக் கதையைச் சொல்லாமல் இருந்ததில்லை.

இன்று பேத்திக்குக் காதுகுத்து. அதே தேனி வீட்டில், பந்தியில் உட்கார்ந்து மறுபடியும் ஆரம்பித்தேன். சம்பந்தி என்னைத் தனியே அழைத்துப் போனார்.

"போதும் சம்பந்தி. அவரு அன்னைக்கு எங்களப் பாத்துக் கண்ணடிச்சிட்டுத்தான் கத்துனாரு. இடுப்பு புடிச்சது ஒங்களுக்குன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். மருமகளுக்கும் அப்பவே தெரியும்."

கூனிக் குறுகிப் போனேன் மாமா. அந்தக் கதையை எடுத்தாலே என் மகள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். அவளுக்கு வேலை இருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

புறப்படும்போது வண்டியில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. வாசலில் ஊரே நின்றது. "அம்மா, அப்பாவுக்கு இடுப்பு புடிச்சிருச்சு, கொஞ்சம் கை குடு" என்று மகளிடம் கேட்டேன். அவள் வந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.