படத்தில் விழாத இதயம்

மார்ச் 5, செவ்வாய்

வேலை முடிந்து வந்தபோது அப்பா நாற்காலியில் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "அந்தாளு கீழ படுத்திருக்கான்மா. மிதிச்சிடப் போறேன்."

தரையில் யாருமில்லை. நான் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். ஏன் சுற்றினேன்?

மார்ச் 8, வெள்ளி

விடுமுறை. காலையில் அண்ணன் வழக்கம்போல் அப்பாவின் நெற்றியில் பேயோட்டும் பாலிங் ஊர்ச் சாமியின் திருநீற்றைப் பூசி, நாக்கிலும் ஒரு சிட்டிகை வைத்தான். தைப்பூசத்திலிருந்து இது நடக்கிறது. அப்பாவுக்கு இல்லாத ஆட்கள் தெரிய ஆரம்பித்தது அதற்கும் முன்னால், தீபாவளி வாக்கில். சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் சீவியவர். அங்கே எதையோ மிதித்துவிட்டார் என்கிறான் அண்ணன்.

சாமி வைகாசி விசாகத்துக்கு நாள் கொடுத்திருக்கிறாராம். மஞ்சள் கயிற்றால் கட்டி, பிரம்பால் அடித்துத்தான் பேயை இறக்க வேண்டுமாம். போன வருடம் அவர் இறக்கிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். முதுகு முழுக்கக் கோடு. அப்பாவுக்கு எழுபது வயது, சர்க்கரை வேறு.

அப்பாவைப் பார்க்கும் பினாங்கு டாக்டர் கலைமகள் ஒரு ஸ்கேன் சொல்லியிருக்கிறார். எடுக்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். வீட்டில் நான் எதையும் கேட்பதில்லை, அதனால் ஆச்சரியமாகப் பார்த்தான். "படிச்ச புள்ள சொல்றே. சரி, பாத்துக்க லா. ஆனா விசாகத்துக்கு முன்ன."

மார்ச் 19, செவ்வாய்

பினாங்கில் ஸ்கேன். ஊசியில் ஏற்றுவது கதிரியக்க மருந்து. இதயத்துக்குப் போகும் நரம்புகளின் முனைகளில் அது போய்த் தங்கும். நரம்பு உயிரோடு இருந்தால் படத்தில் இதயம் ஒளிரும். மூளையைப் பிடித்து, இல்லாத ஆட்களைக் காட்டும் ஒரு நோய் உண்டு. லூயி பாடி என்று பெயர். அது இந்த நரம்புகளையும் அரித்துவிடும். அப்போது இதயம் துடிக்கும், ஆனால் படத்தில் தெரியாது. டாக்டர் சொன்னது இது.

வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று தாதி இரண்டு முறை கேட்டார். சர்க்கரை மாத்திரை மட்டும் என்றேன்.

மெஷினுக்குள் போகும் முன் அப்பா, "அவனுக்கும் கொஞ்சம் எடம் விடச் சொல்லும்மா" என்றார்.

மாலையில் படம். கல்லீரல் வெள்ளையாக எரிந்தது. தாடையோரம் உமிழ்நீர்ச் சுரப்பிகள் இரண்டு பொட்டுப் போல. நடுவே நெஞ்சு — ஒன்றுமில்லை. இருட்டு. பக்கத்தில் அப்பா உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் திரையைப் பார்த்தேன், அப்பாவைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன்.

மார்ச் 20, புதன்

அண்ணன் படத்தை வெகுநேரம் பார்த்தான். "நெஞ்சே இல்லையே. அப்ப இது சீக்குத்தான்" என்றான் மெதுவாக. பிறகு சாமிக்குப் போன் போட்டு, விசாகத்துக்கு வரவில்லை என்றான். எனக்கு அழ வேண்டும் போல இருந்தது.

மார்ச் 29, வெள்ளி

அண்ணன் காலையிலேயே வெளியே போயிருந்ததால் இன்று நான்தான் திருநீறு வைத்தேன். விரலில் ஒட்டியதைக் கோயிலில் செய்வது போல வாயில் போட்டுக்கொண்டேன். கசந்தது. திருநீறு கசக்குமா?

அண்ணன் வந்ததும் கேட்டேன். சாமி ஏதோ வேரை அரைத்துக் கலந்திருக்கிறாராம். சர்ப்பகந்தி. பேய் பிடித்து ஆடுகிறவர்களை அடக்குகிற வேர். தாதி மருந்துகளைப் பற்றிக் கேட்டாரே, முன்னமே என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா என்றேன்.

"அது உபாட் இல்ல லா, மருந்து இல்ல. சாமி குடுத்தது."

நானும் அப்படித்தானே நினைத்தேன்? திருநீற்றை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்?

மார்ச் 30, சனி

போனில் தேடித் தேடிப் படித்தேன். அந்த வேரின் சத்து நரம்பு முனைகளைக் காலி செய்துவிடும். ஊசி மருந்து போய்த் தங்குவதும் அதே இடத்தில்தான். அப்படியானால் நெஞ்சில் தெரிந்த இருட்டு நோயாக இருக்கலாம், வேராகவும் இருக்கலாம்.

டாக்டரிடம் சொன்னால் அந்தப் படம் செல்லாது. சொல்லாவிட்டால் அப்பா கயிற்றிலிருந்து தப்பினார். ஆனால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தால்?

யாரிடம் கேட்பது.

ஏப்ரல் 2, செவ்வாய்

சொல்லிவிட்டேன். தொழிற்சாலைக் கழிவறையிலிருந்து போன் செய்தேன். டாக்டர் திட்டவில்லை. வேரை உடனே நிறுத்தச் சொன்னார். சில வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம், மே 21 என்றார். விசாகத்துக்கு முதல் நாள்.

அண்ணனிடமும் சொன்னேன். சிரித்தான். "பாத்தியா, ஒன் மிஷினும் பொய் சொல்லுது." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "திருநீற நிறுத்துறேன். ஆனா அடுத்த படத்துல நெஞ்சு தெரிஞ்சா அது சீக்கு இல்ல. நான் பாலிங்குக்குக் கூட்டிட்டுப் போவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

தலையாட்டினேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

அப்பாவின் நடையில் வேகம் வந்திருக்கிறது. குரல் தெளிவாக இருக்கிறது. அண்ணனும் கவனித்திருக்கிறான். ஆட்கள் மட்டும் குறையவில்லை. இப்போது அந்தாளோடு ஒரு பெண்ணும் வருகிறாளாம். பேசுவதில்லையாம். நான் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம்.

அறைக்குள் போய் மடித்தேன்.

மே 20, திங்கள்

நாளை. பூஜை அறையில் நின்று கடவுளிடம் வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன். இதயம் தெரியக் கூடாது.

மே 21, செவ்வாய்

ஊசிக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் நீண்ட காத்திருப்பு. அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். அவர் நெஞ்சில் காது வைத்தேன். துடித்துக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் திரையைத் திருப்பினார். இருட்டு. அதே இடத்தில், அதே இருட்டு.

"கடவுளே, நன்றி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகுதான் எனக்கே உறைத்தது — அப்பாவுக்குத் தீராத சீக்கு, நான் நன்றி சொல்றேன். என்ன பொண்ணு நான்? கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். "யார் என்னம்மா சொன்னாங்க?" என்றார்.

மே 22, புதன்

வைகாசி விசாகம். அப்பா வீட்டில் இருக்கிறார்.

ஜூன் 14, வெள்ளி

முதுகில் தினமும் ஒரு மருந்துப் பட்டை ஒட்டுகிறோம். ஒட்டுவது அண்ணன்தான், நான் ஒட்டினால் சுருங்கிவிடுகிறதாம். ஆட்கள் வீட்டுக்குள் வருவது குறைந்திருக்கிறது. முழுக்கப் போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இன்று மத்தியானம் நல்ல மழை. அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட் கிட்ட நனைஞ்சிக்கிட்டு நிக்கிறாங்க. உள்ள கூப்பிடும்மா லோகா."

நான் அண்ணனைப் பார்த்தேன். முன்பென்றால் கத்தியிருப்பான். குடையை எடுத்துக்கொண்டு போனான். கேட்டைத் திறந்து, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"யாரும் இல்லப்பா. போய்ட்டாங்க."

அப்பா சிரித்தார். "எங்க போனாங்க? ஒன் பின்னாலயே வந்துட்டாங்களே."

அண்ணன் வாசற்படியில் நின்றான். அவன் கழுத்தில் மயிர் சிலிர்த்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகுதான் கதவைச் சாத்தினான்.