லோங்மென்னுக்கு வேண்டாம் என்றவள்

லுவோயாங்
14 செப்டம்பர் 1986

தோழர் மியாவ் சூஜென் அவர்களுக்கு,

நலம்தானே? தாவ் அக்கா வீட்டில் தேநீர் குடித்து வந்த நாளிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மனைவியை இழந்த என்னையும் கணவரை இழந்த உங்களையும் அக்கா எதற்காகக் கூப்பிட்டு உட்கார வைத்தார் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் அவர் பேசிய பேச்சில் நம்மால் நாலு வார்த்தை பேசிக்கொள்ள முடியவில்லை.

ஒரு நாள் லுவோயாங் வாருங்கள். காலை ரயிலில் வந்தால் முதலில் வெள்ளைக் குதிரைக் கோயில். பிறகு பஸ் பிடித்து லோங்மென். மலையைக் குடைந்து செய்த புத்தர்களைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரையில் மாட்டிறைச்சி சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டு, மாலையில் நீங்கள் கைஃபெங் திரும்பலாம். மேற்குக் கோடியில், சின்ஜியாங்கில் கனிமம் தேடியே என் காலம் போய்விட்டது. சொந்த ஊர்ப் பாறையை இன்னும் சரியாகப் பார்த்ததில்லை.

அங்கேயே உரும்ச்சியில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரிக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்பது இந்தப் பயணத்தைப் பொறுத்தது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

கெங் போலின்

*

கைஃபெங்
20 செப்டம்பர்

தோழர் கெங் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்? உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். பழைய மில்காரியை இழுத்துக்கொண்டு கோயில் கோயிலாக அலைய வேண்டாம். எனக்கோ முழங்கால் வலி. இங்கே எங்கள் இரும்புக் கோபுரம் இருக்கிறது, எனக்கு அதுவே போதும்.

லோங்மென்னில் படிகள் அதிகமோ? சும்மா கேட்கிறேன். ஆற்றங்கரையில் குளிர்காற்று அடிக்குமா? நீலத் துணியில் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன், அதற்காகக் கேட்டேன். வேறொன்றும் இல்லை.

மியாவ் சூஜென்

*

லுவோயாங்
25 செப்டம்பர்

தோழர் மியாவ் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னது சரி. லோங்மென்னில் படிகள் அதிகம். பெரிய புத்தரின் காலடிக்குப் போகவே மூச்சு வாங்கும். உங்கள் முழங்காலுக்கு ஆகாது. காற்றும் அடிக்கும்.

ஆகவே திட்டத்தை மாற்றிவிட்டேன். இரும்புக் கோபுரம் போதும் என்று எழுதியிருந்தீர்கள். அக்டோபர் ஐந்து, ஞாயிறு, நானே கைஃபெங் வருகிறேன். கோபுரத்தைப் பார்த்துவிட்டுச் சியாங்குவோ கோயிலுக்குப் போகலாம். உங்கள் மில் தோழிகள் வந்தாலும் எனக்கு மறுப்பில்லை. எனக்குத் தொந்தரவு வரக்கூடாது என்ற உங்கள் கவலையும் இதோடு தீர்ந்தது.

கெங் போலின்

*

கைஃபெங்
29 செப்டம்பர்

தோழர் கெங் அவர்களுக்கு,

தயவுசெய்து வராதீர்கள். இரும்புக் கோபுரப் பூங்காவில் இப்போது சாமந்தி பூக்கிற காலம். ஞாயிறென்றால் மில் குடியிருப்பே அங்கேதான் இருக்கும். உங்களோடு ஒரு சுற்று நடந்தேனென்றால், நான் வீடு திரும்புவதற்குள் என் மருமகளிடம் பத்துப் பேர் சொல்லிவிடுவார்கள்.

நான் போதும் என்றதை நீங்கள் எப்படி எடுத்துக்கொண்டீர்கள் என்றே புரியவில்லை. சரி, விடுங்கள். லோங்மென்னும் வேண்டாம், எதுவும் வேண்டாம். என்னால் உங்கள் பொழுது வீணாக வேண்டாம்.

கோட்டு வந்துவிட்டது. வெளியே போகும்போது போட்டுக்கொள்ள நன்றாக இருக்கிறது.

மியாவ் சூஜென்

*

லுவோயாங்
5 அக்டோபர்

தோழர் மியாவ் அவர்களுக்கு,

இன்றுதான் உங்கள் ஊருக்கு வந்திருக்க வேண்டிய நாள். உங்கள் கடிதங்களை மறுபடி மறுபடி படித்தேன். தலை சுற்றுகிறது. படிகள் எத்தனை என்று கேட்கிறீர்கள், வேண்டாம் என்கிறீர்கள். கோட்டு நன்றாக இருக்கிறது என்கிறீர்கள், வராதே என்கிறீர்கள். கோட்டுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் முகாமில் ஒருவர் வேண்டாம் என்றால் அதோடு பேச்சு முடிந்தது. நீங்கள் இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள். இதற்கு மேல் எழுதினால் நான் மானங்கெட்டவன். மாதக் கடைசியில் வருகிறேன் என்று மகனுக்கு எழுதிவிட்டேன். கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெங் போலின்

*

கைஃபெங்
9 அக்டோபர்

தோழர் கெங் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தோடு தாவ் அக்கா வீட்டுக்கு ஓடினேன். என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். “ஏண்டி, அந்த மனுஷன் வாழ்க்கை பூரா பாலைவனத்துல கல்லோட பேசினவரு. அவருக்கு வேண்டாம்னா வேண்டாம்தான். மூணாந்தடவை கேப்பாருன்னு நீ கோட்டு தைச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியாக்கும்?”

ஆமாம், அதற்குத்தான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் யார் முதல் அழைப்புக்கே கிளம்புவார்கள்? முதல் தடவை மறுப்பது மரியாதை. இரண்டாவது தடவை மறுப்பது, கூப்பிட்டவர் மனதாரத்தான் கூப்பிட்டாரா என்று பார்க்க. மூன்றாவது தடவை கேட்டால் எழுந்து போவோம். இதைக்கூட ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அன்று அக்கா தட்டை நீட்டியதுமே கேக்கை எடுத்தீர்களே, பாவம் பசி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். பத்தொன்பதாம் தேதி ஞாயிறு வருகிறேன். லோங்மென் போகலாம். முழங்கால் அவ்வளவு மோசமில்லை.

மியாவ் சூஜென்

*

லுவோயாங்
12 அக்டோபர்

தோழர் மியாவ் அவர்களுக்கு,

இந்த முறை தப்பு செய்யக்கூடாது என்று பக்கத்து வீட்டு ஹோ அண்ணனிடம் யோசனை கேட்டேன். ஒருவர் தானாக வருகிறேன் என்றால் என்ன சொல்வது என்று. “உடனே வாங்கன்னு சொல்லிடாதய்யா, அலையறான்னு நினைப்பாங்க. முதல்ல வேண்டாம்னு சொல்லணும்” என்றார்.

ஆகவே: இவ்வளவு தூரம் எதற்கு? உங்களுக்குச் சிரமம். தயவுசெய்து வர வேண்டாம்.

இதை எத்தனை முறை எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இதற்கிடையில் மகன் எனக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். இருபத்தைந்தாம் தேதி. நான் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று உண்மையிலேயே புரியவில்லை.

கெங் போலின்

*

கைஃபெங்
15 அக்டோபர்

போலின்,

ஹோ அண்ணனிடம் இனி எதுவும் கேட்காதீர்கள். நீங்கள் வேண்டாம் என்றாலும் ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். மருமகளிடமும் சொல்லிவிட்டேன். ஒரு கணம் முழித்தாள், பிறகு வழிக்குச் சாப்பிட என்ன கட்டித் தரட்டும் என்று கேட்டாள். இதற்குப் பயந்தா இத்தனை நாள் கிடந்தேன் என்று இருந்தது.

இந்த வீட்டில் நிறைய வருஷம் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லிப் பழகிவிட்டேன். இரண்டாவது தடவைக்கு மேல் என்னை யாரும் கேட்டதில்லை. எனக்கு உங்களோடு இருக்க ஆசையாக இருக்கிறது. எழுதும்போதே முகம் எரிகிறது, எரியட்டும்.

உரும்ச்சிக்குப் போகாதீர்கள். இதை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்பேன். முதல் தடவையே சரி என்று சொல்லிவிடுங்கள்.

சூஜென்