நியூசிலாந்து ஆட்டைக் கட்டிப்போட்ட விவரம்

வெள்ளானூர்,
கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு ஞாயிறு

செல்லக் கண்ணு எழிலுக்கு, வெள்ளானூர் ஏரிக்கும் அதைச் சுற்றியுள்ள ஐம்பத்தாறு தேசங்களுக்கும் ஏக சக்கரவர்த்தியான உன் சித்தப்பா மணவாளன் ஆசி கூறி எழுதுவது. இங்கே உன் அம்மா, நான், ஆடு மூவரும் அம்மன் தயவில் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் முணுமுணுக்கிறது. கார்த்திகையில் வெயில் கொளுத்தும் அந்தத் தலைகீழ் தேசத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போன் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள், நீயோ பாதியில் மீட்டிங் என்று ஓடுவாய். போன முறை அனுப்பிய மாவடுவை உங்கள் ஊர் விமான நிலையத்தில் வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் பார்த்து எடுத்துக்கொண்டார்கள் என்றாய், காகிதத்தையாவது விடுவார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விஷயம் உன் நியூசிலாந்து ஆட்டைப் பற்றியது. நீ விமானம் ஏறிய வாரம் உன் அம்மா எல்லையம்மனுக்கு ஒரு கிடாவை நேர்ந்துவிட்டாள், நினைவிருக்கும். என் பெண் நல்லபடியாகத் திரும்பி வந்தால் இது உனக்கு, அதுவரை உன் காட்டிலேயே மேயட்டும் என்று வேண்டிக்கொண்டு, கொம்பில் மஞ்சள் துணி கட்டி விட்டாள். அம்மனுக்கு விட்ட ஆட்டை யாரும் அடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, விரட்டக் கூடாது. ஆகவே அந்தக் கிடா இன்று யானைக்கு அண்ணன் மாதிரி நிற்கிறது, அது தும்மினால் ஆவடி ஸ்டேஷனில் ரயில் நிற்கிறது. இது போதாதென்று ஊரே உன் அம்மாவைப் பார்த்துப் படித்துக்கொண்டது. உத்தமன் தன் பிள்ளை கோகுல்நாத்துக்காக ஒரு கனடா ஆடு விட்டான், அப்புறம் துபாய் ஆடு, ஜெர்மனி ஆடு, மாநாடு கூட்டும் அளவுக்குத் தேசங்கள் சேர்ந்துவிட்டன. பிள்ளைகள் ஒருத்தரும் திரும்பி வரவில்லை, ஆகவே ஆடு ஒன்றும் குறையவில்லை. நீ அங்கே வீடு வாங்கிவிட்டாய், நிரந்தரமாக வருவதாக இல்லை என்பதை எனக்கு மட்டும் சொல்லி, அம்மாவிடம் சமயம் பார்த்து நானே சொல்கிறேன் சித்தப்பா என்று என் வாயைப் பூட்டினாயே, அதை நினைத்துக்கொண்டுதான் அந்த ஆட்டைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் வேண்டுதலுக்கு முடிவே கிடையாது என்பது ஊரிலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

போன மார்கழிப் புயலில் கோவில் பின்னால் நின்ற பெரிய பாலைமரம் சாய்ந்ததைச் சொன்னேன் அல்லவா, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுவார்களே, அந்த மரம். அதற்குப் பதில் ஓர் இளைய மரத்தைப் பார்த்து மஞ்சள் பூசலாம் என்று பத்துப் பேர் கோவில் காட்டுக்குள் போனோம். எழில், தேடித் தேடி எங்கள் கண்ணே தேய்ந்துபோயிற்று, ஓர் இளைய மரம் இல்லை. வீரை, பாலை, நாவல் எல்லாம் கிழங்கள், என்னையும் உத்தமனையும்போல. கீழே தரை, வீடு பெருக்கினாற்போல் சுத்தம். பழம் விழாமல் இல்லை, முளைக்காமலும் இல்லை, ஐப்பசி மழைக்குக் காடு முழுக்க இரண்டிலை விட்டு முளைக்கிறது, தை பிறப்பதற்குள் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. ஒரே ஒரு வீரைக்கன்று இடுப்புயரம் நின்றது, அதுவும் சூரைமுள் புதருக்கு நட்டநடுவில், ஆட்டின் வாய் எட்டாத இடத்தில். ஓரமெல்லாம் சீமைக்கருவேலம், அதன் நெற்றைத் தின்று புழுக்கையோடு விதைத்ததும் இதே ஆடுகள்தான். ஆட்டைச் சொல்லியும் பயனில்லை. முன்பு ஏரிக்கரை, அறுத்த கழனி, மேய்க்கால் என்று நாலு பக்கமும் மேய்ந்தவை, அவ்வளவும் பிளாட் ஆனபின் இருபது வருடமாக இந்த ஒரு காட்டில்தான் அத்தனை வாயும்.

வேலி போடலாம் என்றதும் முத்தம்மாள் வந்துவிட்டாள், ஆடு வளர்த்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள், சும்மா விடுவாளா. இன்னா அண்ணாத்தே, என் ஆடு துன்னது பாதி, உங்க ஃபாரின் ஆடு துன்னது பாதி, ஏழையோடத மட்டும் வெரட்டிகினு வரீங்களே, அம்மன் கேக்க மாட்டாளா, உங்க ஆடு முன்னால போவுது, எங்க ஆடு பின்னால போவுது, மொதல்ல அத்தக் கட்டுங்க என்று கேட்டாள். உத்தமன்தான் மெதுவாக, மச்சான், கட்டிட்டு அங்க பையனுக்கு எதுனா ஆயிட்ச்சின்னா யார் பதில் சொல்றது என்றான். அவன் குரலைக் கேட்டபின் எனக்கும் கிண்டல் வரவில்லை. எல்லார் பயமும் அதுதான், உன் அம்மாவின் பயமும் அதுதான். ஆட்டைக் கட்டினால் பெண் வரும் வழியைக் கட்டியதுபோல் ஆகும் என்று அவள் அன்று இரவு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எழுத வந்தது. இரண்டு வாரம் முன் ஒரு வெள்ளிக்கிழமை நான் ரேஷன் கடையிலிருந்து வந்து பார்க்கிறேன், உன் ஆடு நம் வீட்டுக் கொல்லை முருங்கையில் கட்டிக் கிடக்கிறது, உன் அம்மாவின் பழைய புடவைக் கிழிசலால். கோவிலில் பூ கட்டிப் போட்டுக் கேட்டாளாம், வெள்ளைப் பூ வந்தால் கட்டலாம் என்று. வந்ததா அண்ணி என்றேன். மொத ரெண்டு வாட்டி செகப்பு, மூணாவது வாட்டி வெள்ள, அம்மனுக்கும் யோசிக்க டைம் வேணாமா என்றாள். நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. ஆட்டுக்கு அகத்தியை ஒடித்துப் போட்டுக்கொண்டே, அவ அங்கியே ஊடு வாங்கிட்டா இல்ல என்றாள். ரேஷன் பையை அப்படியே கீழே வைத்தேன். போன மாசம் போன்ல தோட்டத்தக் காட்டினா, எலுமிச்சங்கன்னு தரையில நட்டுக்கீறா, வாடக ஊட்ல எவளாச்சும் எலுமிச்ச நடுவாளா, அது காய்க்கவே நாலு வருசம் ஆவும், மரத்த வெச்சவ எங்க வரப்போறா, நீயும் அவளும் ஆடுற நாடகத்த நானும் பாத்துகினுதான் கீறேன் என்றாள். அப்புறம் மிச்ச அகத்தியையும் போட்டுவிட்டு, அங்க அவ மரம் நல்லா வரட்டும், இங்க அம்மன் மரம் இன்னா பாவம் பண்ணிச்சி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று சக்கரவர்த்தியும் சாப்பிடவில்லை, தெரிந்துகொள்.

இப்போது பாதிக் காட்டுக்கு வேலி ஏறிவிட்டது, ஆடுகள் விதைத்த சீமைக்கருவேலத்தையே வெட்டிப் போட்டோம். மீதிப் பாதியில் முத்தம்மாளின் ஆடுகள் மேயும், உள்ளே கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போனதும் மாற்றிக்கொள்வது என்று பேச்சு. அவள் ஒப்புக்கொண்டாள், நம்பினாளா தெரியவில்லை. துபாய் ஆடும் ஜெர்மனி ஆடும் கட்டியாயிற்று. கனடா மட்டும் இன்னும் உலாவுகிறது, நேற்று வேலியைத் தாண்டி ஒரு மூலை முளையைத் தின்றது, உத்தமனை நான் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஆடு கறிவேப்பிலைச் செடியை வேரோடு முடித்துவிட்டு என் லுங்கியை ஆராய்ந்துகொண்டிருக்கிறது. இனி அதை வெட்டுவதில்லையாம், நீ எப்போது வந்தாலும் பொங்கல் வைத்தால் போதுமாம், நாலு வருடமாக நான் கண்ட பிரியாணிக் கனவு அதோடு போயிற்று.

எலுமிச்சைக்கு வேரில் தண்ணீர் தேங்க விடாதே, மோர் இருந்தால் நீர்க்க விட்டு ஊற்று. எல்லையம்மன் உன்னை எந்த ஊர் மண்ணிலும் வாடாமல் வைக்கட்டும், நூறாண்டு இரு. ஒன்றை மறக்காதே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அம்மாவுக்குப் போன் செய்து வீடு வாங்கியதை உன் வாயால் சொல். அவள் முதல் தடவை கேட்பதுபோல் அப்படியா என்பாள். நீயும் அதை நம்பியதுபோலவே மேலே பேசு.

வெள்ளைப் பூவுக்குத் தலைவணங்கி,
உன் சித்தப்பா,
மணவாளன்